மெட்ராஸ் சூரியன்

அன்றைக்கு விஜயகுமாரி கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. போர்ட் பிளேரில் வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்குகிறவள் ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், இல்லை மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்து இறங்கியவளாக இருக்க வேண்டும். இவள் இரண்டாவது ரகம். மெட்ராஸில் இரண்டு வாரப் பயிற்சியை முடித்துவிட்டு முந்தாநாள்தான் விமானத்தில் திரும்பியிருந்தாள். தீவில் பங்குனி மாதம் ஐந்து மணிக்கெல்லாம் வெளுத்துவிடும். சாயங்காலம் ஐந்தரைக்குள் சூரியன் கடையைக் கட்டிவிடும். கடிகாரம் மட்டும் மெட்ராஸுக்கும் தீவுக்கும் ஒன்றேதான். சர்க்காருக்கு அது போதும். உடம்புக்குப் போதாது. மெயின்லேண்ட் போய் வந்தவர்களுக்கு நாலைந்து நாள் இந்தக் குழப்பம் இருக்கும்.

"உடம்பு மட்டும்தான் வந்து எறங்கியிருக்கு. தூக்கம் இன்னும் மெட்ராஸ்லயே படுத்திருக்கு" என்றான் முத்துராஜ். அவன் குளித்து, யூனிஃபார்ம் சட்டை போட்டு, கிளம்பி நின்றான். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து லாங் ஐலண்ட் போகிற சர்க்கார் பயணிகள் படகுக்கு அவன்தான் செராங். சுக்கான் அவன் கையில், அத்தனை பேர் உயிரும் அவன் கையில்.

"எழுப்பியிருக்கக் கூடாதாங்க?"

"எழுப்பினேனே. 'இன்னும் விடியலைங்க'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்ட. சூரியன் சன்னல்ல நின்னு சிரிச்சிச்சி. சாயா போட்டு வெச்சேன், அதுவும் ஆறிப்போச்சி."

அவள் போர்வையை எடுத்து அவன் மேல் எறிந்தாள். அவன் சிரித்துக்கொண்டே படி இறங்கிப் போய்விட்டான். போகும்போது, "தாளைச் சீக்கிரம் அனுப்பு. இன்னைக்குக் கல்யாணப் பார்ட்டி இருக்கு, லேட்டாத்தான் எடுப்பேன்" என்று கத்தினான்.

தாள் என்பது விஜயகுமாரியின் தாள்தான். ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. கூரையில் ஆன்டெனாக்கள், உள்ளே ஏசியும் திரைகளும். வழி காட்டும் செயற்கைக்கோள்கள் வானத்தில் ஒழுங்காக வேலை செய்கின்றனவா, நாளைக்கு எப்படிச் செய்யும் என்று பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். செயற்கைக்கோள் மேல் பெரிய பழி ஒன்றும் கிடையாது. பழியெல்லாம் இடையில் இருக்கிற வானத்தின் மேல்தான். மாசி பங்குனியில், அதுவும் சூரியன் கொந்தளிக்கிற அந்த வருஷம், பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்கெல்லாம் மேல் வானம் கொதிக்க ஆரம்பித்துவிடும். கொதிக்கிற சோற்றுப்பானைக்கு மேலே குனிந்து எதிர்ச் சுவரைப் பார்த்தால் சுவர் நெளியுமே, அப்படி. கோள் நல்ல சேதிதான் அனுப்பும், வந்து சேர்கிறபோது அது நெளிந்து போயிருக்கும். படகில் இருக்கிற ஜிபிஎஸ் பெட்டி ஒவ்வொரு கோளாகத் தவறவிடும். தவறவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதா அந்தப் பாழாய்ப்போன பெட்டி? இருக்காது. இதுவரை போன போக்கை வைத்து, இப்போது இங்கே இருப்பாய் என்று தானே ஒரு படம் வரைந்துகொண்டே போகும். பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே தெரியும்.

லாங் ஐலண்டுக்குப் போகிற வழியில் கல்லுத்திட்டு ஒன்று உண்டு. அதன் நடுவில் படகு நுழைகிற அளவுக்கு ஒரு வாய். வாயின் இரு பக்கமும் இருந்த விளக்கு மிதவைகளை சுனாமி கொண்டு போனது போனதுதான், ஒன்பது வருஷம் ஓடியும் புதிது வரவில்லை. அதனால் இருட்டினால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, வழியில் இருக்கிற ஹேவ்லாக் தீவிலேயே படகைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். ஜிபிஎஸ் நம்பகமாக இருக்கிற நேரத்தை முன்கூட்டிச் சொன்னால் இருட்டிலும் போகலாமே என்று விஜயகுமாரிதான் முதலில் சொன்னாள். துறைமுகத்தில் சிரித்தார்கள். அவள் விடவில்லை. தினமும் ஒரு தாள்: இன்றைக்கு இத்தனை மணிவரை நம்பலாம், அதன் பிறகு நம்பாதே. இரண்டு வருஷம் அது பலித்துக்கொண்டே வந்தது. மெல்ல மெல்ல சிரிப்பு நின்றது. ஜெட்டிப் பலகையில் தாள் ஒட்டினால்தான் செராங்குகள் கயிற்றை அவிழ்த்தார்கள்.

போன வருஷம் ஒரு கூத்து நடந்தது. ஜெட்டி ரேடியோ ரூமுக்கு ஒரு பெண் போன் செய்து, "சேட்டிலைட் ஆபீஸ் மேடம் பேசறேன், சிக்னல் கெட்டுப்போச்சு, லாங் ஐலண்ட் படகைத் திரும்பச் சொல்லுங்க" என்றாள். ரேடியோ ஆபரேட்டர் பன்னீர்செல்வம் நம்பிச் சொல்லிவிட்டார். முத்துராஜ் பாதி வழியில் திரும்பிவிட்டான். லாங் ஐலண்டில் காத்திருந்த பயணிகளை எவனோ தனியார் படகுக்காரன் அள்ளிக்கொண்டு போனான். சொன்னது பெண்டாட்டியா வேறு எவளோவா என்றுகூடத் தெரியாதா என்று ஜெட்டியே முத்துராஜைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த நாளே விஜயகுமாரி சிவப்பு மையில் எழுதிப் பலகையில் ஒட்டினாள்: 'என் பெயரைச் சொல்லி ரேடியோவிலோ போனிலோ யார் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டாம். தாள் மட்டுமே.' அதை எல்லோரையும்விடக் கறாராகப் பிடித்துக்கொண்டவன் முத்துராஜ்தான். அவனுக்கு மட்டும் வீட்டில் தனியாகச் சேதி வருகிறது என்ற பேச்சு வரக் கூடாதல்லவா?

அன்றைக்கு அவள் ஓட்டமும் நடையுமாக நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து, பயிற்சியில் கொடுத்த புது புரோகிராமில் கணக்கைப் போட்டாள். கூடப் பயிற்சி எடுத்த மெட்ராஸ்காரர் பக்தவத்சலம் அக்கறையாக எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக் கொடுத்திருந்தார். அவள் மாதத்தைப் பார்த்தாள், நிலையம் இருக்கும் இடத்தை மாற்றினாள், மற்றதில் ஒரு பார்வை ஓட்டினாள். எதுவும் கண்ணில் உறுத்தவில்லை. 'ஏழரை மணிவரை நம்பலாம்' என்று வந்தது. பழைய முறையில் இந்த மாதத்துக்கு இவ்வளவு தாராளம் வராது. புது புரோகிராம் ஆயிற்றே, கெட்டிக்காரத்தனமாகத்தான் சொல்லும் என்று நினைத்துக்கொண்டாள். தாள் ஜெட்டிக்குப் போயிற்று.

கல்யாணப் பார்ட்டி சொன்னபடியே தாமதம். மணப்பெண், அவள் அம்மா, சொந்தபந்தம், சீர்வரிசைப் பாத்திரம் என்று ஏற்றி முடிக்க உச்சிவேளை நெருங்கிவிட்டது. மறுநாள் விடிகாலையில் லாங் ஐலண்டில் முகூர்த்தம். வேறு நாளாக இருந்தால் முத்துராஜ் ஹேவ்லாக்கில் நின்றிருப்பான். தாளில் ஏழரை என்று இருந்ததால், ஏழு மணி வாக்கில் திட்டு வாயில் நுழைந்துவிடலாம் என்று போய்விட்டான்.

சாயங்காலம் விஜயகுமாரி வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்தாள். வெளியே நன்றாக இருட்டியிருந்தது. கடைசியாக ஒருமுறை திரையைப் பார்த்தாள். பார்த்தவள் பையைக் கீழே வைத்தாள்.

அவர்கள் நிலையத்தின் ஆன்டெனா கான்கிரீட்டில் புதைத்தது. பூகம்பம் வந்தால்தான் அது அசையும். கோள்களின் சேதியை வைத்து அது எங்கே இருக்கிறது என்று திரை ஒரு புள்ளி வைக்கும். புள்ளி ஒரே இடத்தில் இருந்தால் வானம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போது அந்தப் புள்ளி நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கிழக்கே போயிற்று, நின்றது, ஒரு தாவு தாவித் தெற்கே போய் விழுந்தது. பக்கத்துத் திரையில் மேற்கு வானத்துக் கோள்களின் சிக்னல் கோடுகள் வெடவெடவென்று உதறின. இரண்டு கோடுகள் அவள் கண்ணெதிரிலேயே அணைந்தன.

மணி ஆறரைதான் ஆகியிருந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரோகிராமைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். சூரியன் மறையும் நேரம் என்ற கட்டத்தில் ஆறு இருபது என்று இருந்தது. அது மெட்ராஸ் சூரியன். பக்தவத்சலம் அவர் ஊர் சூரியனைப் போட்டிருந்தார். காலையில் அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் தப்பாகத் தெரியவில்லை. இரண்டு வாரம் மெட்ராஸ் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று ஆறு மணிக்கு மேல் சூரியன் இறங்குவதைப் பார்த்து டீ குடித்த கண்ணாயிற்றே, எப்படி உறுத்தும்? இதே தீவுக் கூட்டத்தில் பிறந்தவள், ஐந்தரைக்கு விளக்கேற்றும் ஊரில் வளர்ந்தவள், சூரியனை முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போட்டுவிட்டாள்.

ஏழு மணிக்கு முத்துராஜ் திட்டு வாயில் இருப்பான். அவன் பெட்டி அவனுக்கு அழகாக, நேராக ஒரு கோடு போட்டுக் காட்டும். திரையில் புள்ளி தாவுகிற தூரத்தைப் பார்த்தாள். அது அந்த வாயின் அகலத்தைப் போல இரண்டு பங்கு இருந்தது.

"சார், தாள் தப்பு. படகை நிறுத்தணும்" என்றாள்.

நிலையத் தலைவர் பழனிசாமி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "ஏம்மா, கொடுத்த தாளை வாபஸ் வாங்கோணும்னா மெட்ராஸ்ல ஒரு வார்த்தை கேக்கோணுமே. நாமளா எப்படிங்க…"

"நீங்க கேட்டுக்கிட்டிருங்க சார். நான் ஜெட்டிக்குப் பேசறேன்."

அவர் இன்னொரு முறை திரையைப் பார்த்தார். பிறகு தானே ரிசீவரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "பேசும்மா. நான் அப்புறமா எழுதிக்கறேன்."

முத்துராஜின் மொபைலுக்குக் கடலில் சிக்னல் கிடையாது. குன்றுமேல் கோபுரம் வைத்து எல்லாப் படகுக்கும் கேட்கிற மாதிரி பேசும் ரேடியோ ஒன்றுதான் வழி. அது பன்னீர்செல்வத்தின் கையில். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு ஒவ்வொரு மணியும் ஒரு யுகமாக இருந்தது.

"பன்னீர் அண்ணே, விஜயகுமாரி பேசறேன். லாங் ஐலண்ட் படகை ஒடனே நிறுத்தச் சொல்லுங்க. சிக்னல் போயிருச்சி. பெட்டி காட்டுறது பொய்."

லைன் கரகரத்தது.

"மேடமா? அரே, போன தடவையும் இப்படித்தான் மேடம்னு ஒரு அம்மா பேசிச்சு. அதுல எனக்கு மெமோ வந்துது. நீங்க மேடம்தான்னு நான் எப்படிங்க நம்புறது?"

"அண்ணே, உங்க மக டைபாய்டுல கெடந்தப்ப ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டாந்தவ நான்தான். போதுமா?"

"மாஃப் பண்ணுங்க மேடம். ஒரு நிமிஷம்."

அவர் ரேடியோவில் கூப்பிடுவது போனில் மங்கலாகக் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து முத்துராஜின் குரல் வந்தது, வார்த்தை புரியவில்லை. பின்னால் ஒரே கூச்சல். கல்யாணக்காரர்கள் கரை விளக்கைப் பார்த்துவிட்டார்கள் போல, குலவைகூடக் கேட்டது. பன்னீர்செல்வம் திரும்பி வந்தார்.

"கேக்க மாட்டேங்கறாரு மேடம். 'தாள்ல ஏழரைன்னு இருக்கு, பெட்டியும் பக்காவா கோடு காட்டுது, இதோ வாய்க்குள்ள நுழையப் போறேன்'ங்கறாரு. 'போன்ல யாரு பேர் சொன்னாலும் நம்பாதேன்னு எழுதி ஒட்டினவளே அவதான். ஒருதரம் ஏமாந்தது போதும், மறுபடியும் ஒங்கள ஏமாத்துறானுங்க அண்ணே, சேனலை விடுங்க'ன்னு எனக்குப் புத்தி சொல்றாரு."

"போனை மைக்கு கிட்ட வைங்க. நானே பேசறேன்."

வைத்தார். கீச்சென்று காதைக் கிழிக்கிற சத்தம்தான் வந்தது. "ஏலாது மேடம், ஒண்ணும் புரியாது. நீங்க சொல்லுங்க, நான் அப்படியே சொல்றேன்."

சுனாமியில், கச்சால் தீவில், விஜயகுமாரியின் அப்பா அம்மா இருவரையும் கடல் எடுத்தது. முத்துராஜின் அம்மாவையும் அதே காலையில் எடுத்தது. நிவாரண முகாமில், ஒரே வரிசையில் தட்டோடு நின்றபோதுதான் இருவரும் முதலில் பேசிக்கொண்டார்கள். எடுத்தது போதாதா? அதற்கு மேல் அவளிடம் இருந்தது அவன் ஒருவன்தான். அவனையும் அவள் கையாலேயே, டைப் அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளே.

அவன் முட்டாள் இல்லை. அவள் சொன்னதை நம்புகிறான், அதனால்தான் அவள் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்கிறான். அவள் மட்டுமே சொல்லக்கூடிய ஏதாவது ஒன்று வேண்டும். கல்யாண நாள், பிறந்த நாள் எல்லாம் ஜெட்டியில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் அந்த ரேடியோவைக் கேட்கிற அத்தனை செராங்குக்கும் தெரிந்துபோகும். சிரித்தவர்கள் மறுபடி சிரிப்பார்கள். இரண்டு வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பெயர் ஒரே வார்த்தையில் போய்விடும்.

"அண்ணே, நான் சொல்றதை ஒரு வார்த்தை மாத்தாம சொல்லுங்க."

"சொல்லுங்க. ஆனா எல்லாப் படகும் கேக்கும் மேடம். பரவால்லையா?"

"கேக்கட்டும். 'இன்னும் விடியலைங்க'ன்னு காலையில திரும்பிப் படுத்தவ பேசறேன்னு சொல்லுங்க. என் தூக்கம் இன்னும் மெட்ராஸ்லதான் இருக்கு. தாள்லயும் மெட்ராஸ் சூரியனையே போட்டுட்டேன். நம்ம சூரியன் எப்பவோ போயிருச்சி. தாள் தப்பு. தப்பு பண்ணினது நான். என்ஜினை நிறுத்துங்க."

பன்னீர்செல்வம் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார். 'தப்பு பண்ணினது நான்' என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தயங்கியது, ஆனாலும் சொன்னார்.

அவள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். பழனிசாமி நாற்காலியை இழுத்து அவள் பின்னால் போட்டார், அவள் உட்காரவில்லை. திரையில் இன்னொரு கோடு அணைந்தது. புள்ளி ஒரு துள்ளு துள்ளி வடக்கே ஓடியது. வாய் திறந்திருக்கிற கல்லை நோக்கி அந்தப் புள்ளிதான் ஓடுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. மாரியாத்தா என்று வாய் தானாக முணுமுணுத்தது.

போன் கரகரத்தது. பன்னீர்செல்வம் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"மேடம், 'சாயா ஆறிப்போச்சி'ன்னு ஒங்ககிட்ட சொல்லச் சொல்றாரு. என்ன சாயாவோ எனக்குத் தெரியல. நிறுத்திட்டாரு. நங்கூரம் எறக்கறாங்களாம்."

உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அது அன்றைக்கு அவளுக்கு நடந்தது. போனை வைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பழனிசாமி என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மத்தியானம் படகு ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குத் திரும்பியது. படகு வருவதற்கு முன்பே கதை வந்துவிட்டது. என்ஜினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, பெட்டி நடுவாய் என்று காட்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று நுரை உடைந்துகொண்டிருந்ததாம். கல் அவ்வளவு கிட்டே. லாங் ஐலண்டுக்காரர்கள் விளக்கோடு சின்ன டிங்கிப் படகுகளில் வந்து மணப்பெண்ணையும் சொந்தபந்தத்தையும் இறக்கிக்கொண்டு போனார்கள். முகூர்த்தம் தவறவில்லை. சீர்வரிசையில் ஒரு குத்துவிளக்கு மட்டும் தண்ணீரில் விழுந்துவிட்டது, அதற்குப் பெண்ணின் அம்மா செராங்கைத் திட்டினாளாம்.

அன்றைய தாளை விஜயகுமாரி தானே ஜெட்டிக்குக் கொண்டு வந்திருந்தாள். ஆள் விட்டு அனுப்ப மனசு வரவில்லை. பலகை முன்னால் நாலைந்து செராங்குகள் நின்றார்கள். அவள் வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். நிக்கோபார் பக்கம் ஓட்டுகிற கிழட்டு செராங் ஒருவர் மட்டும் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேடம்ஜி, இன்னைக்கு எந்த ஊர் சூரியன்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நம்ம ஊர் சூரியன்தான். மொத வரியிலயே எழுதியிருக்கேன், பாருங்க" என்றாள். குரல் உடைந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். உண்மையிலேயே முதல் வரியில் சூரியன் மறையும் நேரத்தைக் கையால் எழுதியிருந்தாள். கிழவர் படித்தார். பிறகு மேற்கே திரும்பிக் கண்ணைச் சுருக்கி நிஜச் சூரியனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளைப் பலகையில் ஒட்டினார்.

முத்துராஜ் படகிலிருந்து இறங்கி வந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். அவளைப் பார்த்தான். நேரே பலகைக்குப் போய், போன வருஷம் அவள் ஒட்டிய சிவப்பு மை அறிவிப்பின் முன் நின்றான். அதைக் கிழிக்கப் போகிறான் என்று நினைத்தாள். கிழிக்கட்டும், கிழிக்க வேண்டியதுதான். அவன் பன்னீர்செல்வத்திடம் சிவப்புப் பேனா கேட்டு வாங்கினான். அவனுக்கு எழுத்து அவ்வளவாக வராது. நாக்கைத் துருத்திக்கொண்டு, 'தாள் மட்டுமே' என்பதற்குக் கீழே கோணல் கோணலாக ஒரு வரி எழுதினான்.

'தாள் தப்பு, நான்தான் தப்பு பண்ணேன்னு மேடமே சொன்னால் தாளை விட அதை நம்பவும்.'

"ரேடியோவுல பொய் சொல்றவன் எவனும் தன் மேல தப்புன்னு சொல்ல மாட்டான்" என்றான் செராங்குகளைப் பார்த்து. "அவ சொன்னா. அதான் நிறுத்தினேன்."

யாரும் சிரிக்கவில்லை. கிழவர் தலையாட்டினார். முத்துராஜ் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் பக்கம் வந்தான்.

"வீட்டுக்கு வா" என்றான். "சாயா போட்டுக் குடு. சூடா."